நசுக்காமல் தெரிந்துகொள்ள

என் அருமைப் பேத்திக்கு,

பாட்டி எழுதுகிறேன். நான் சுகம். நீயும் சுகம்தான் என்று போனில் சொன்னாய். சரி, அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நம் வீட்டுப் பெருமைகள். உன் பெரிய அண்ணன் கப்பலில் இரண்டாவது இன்ஜினியர் ஆகிவிட்டான். ஏதோ துறைமுகத்திலிருந்து கூப்பிட்டான். அவனைவிடக் காற்றுதான் அதிகம் பேசியது. சின்னவன் வங்கியில் மேனேஜர். அறைக்கதவில் அவன் பெயரைப் பித்தளையில் பதித்திருக்கிறார்களாம். உன் சித்தி மகள், மூக்கொழுகி என்பாயே, அவள் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்து, மெடலைக் கடித்துக்கொண்டு பேப்பரில் நிற்கிறாள். நீயோ மீன் முட்டையைப் படித்தே டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாய். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு வேறென்ன வேண்டும்? எல்லோரும் பெரிசாகிவிட்டீர்கள். நம் வீட்டுப் பால் பாக்கெட் மட்டும்தான் வரவரச் சின்னதாகிவிட்டது.

எதிர்வீட்டுத் தையல்காரி, உங்க பேத்தி மீனுக்குப் பிரசவம் பாக்கறாளாமே என்று கேலி பண்ணினாள். நான் விடுவேனா? நீ ஊறின ஜவ்வரிசியை வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அவளுக்கு ஒப்பித்தேன். வெளியே பார்த்தால் எல்லா முட்டையும் ஒரே மாதிரி கண்ணாடி மணிதான். தாய்மீனின் ஈரலில் உண்டான புரதம் ரத்தத்தோடு போய் முட்டைக்குள் சேர்கிறது. குஞ்சு வெளியே வந்து இரை தேடும்வரை அதுதான் அதற்குக் கட்டுச்சோறு. என்னென்ன புரதம், எவ்வளவு என்று மெஷினில் பார்த்தால் எந்த முட்டை தேறும் என்று என் பேத்தி சொல்லிவிடுவாள் என்றேன்.

முட்டைக்குள்ள இருக்கறத எப்படிப் பாப்பா என்றாள். நசுக்கித்தான் என்றேன். அப்ப அது குஞ்சாகாதே என்றாள். ஆகாது, அதனால்தான் ஒரே தாயுடைய முட்டையில் கொஞ்சத்தை நசுக்கிவிட்டு, மிச்சத்தைத் தண்ணீரில் விட்டுக் காத்திருப்பாள் என்றேன். பாவம்மா அந்தக் கொஞ்சம் என்றாள்.

போன வாரம் மருந்துக்கடையில் உன் மாமியாரைப் பார்த்தேன். என் பையனும் உங்க பேத்தியும் இப்ப தனித்தனி வீட்லதான் இருக்காங்களாம், உங்ககிட்ட சொல்லலையா என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கே தெரியும். ஆனாலும் விட்டுக்கொடுப்பேனா? எல்லாம் தெரியும், என் பேத்தி என்னைக் கேட்டுத்தான் எதையும் செய்வாள் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்க்கிறேன், இருமல் மருந்து வாங்காமலே திரும்பியிருக்கிறேன்.

உடனே உனக்குப் போன் போடப் போனேன். பாதி நம்பரில் நிறுத்திவிட்டேன். ஏன், எதனால், யார்மேல் தப்பு என்று இதற்குள் எத்தனையோ பேர் உன்னைக் கேட்டிருப்பார்கள். நசுக்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் எனக்குத் தெரியவே வேண்டாம். நான் தண்ணீரில் விட்டுக் காத்திருக்கிற கட்சி.

உன் கட்டில்மேல் மடித்த துணியெல்லாம் போட்டு வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். மெத்தையை வெயிலில் காயப்போட்டேன். யார் வராங்க என்று தையல்காரி கேட்டாள். யாரும் வரவில்லை, மெத்தைக்கும் வெயில் வேண்டாமா என்றேன்.

தாய்மீன் பட்டினி கிடந்தால் முட்டையில் சத்து சேராது என்று சொன்னவள் நீதான். மீனுக்கு இரை போட்டுவிட்டு நீ வெறும் டீயோடு நிற்காதே. வேளைக்குச் சாப்பிடு. ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருப்பாய். பாட்டி சொன்னால் பலிக்கும்.

கடைசியாக ஒன்று. கூடத்தில் நீங்கள் ஜோடியாக நிற்கும் படம் பழசாகிவிட்டது. கழற்றித் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் கண் அங்கேயே போகிறது. புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் வருகிற படத்தில் உன் முகம் எனக்கு நகத்தளவுகூடத் தெரிவதில்லை. வேலைக்குப் போடும் வெள்ளைக் கோட்டோடு இருந்தாலும் பரவாயில்லை. சிரிப்பு வராவிட்டால் சிரிக்க வேண்டாம். சின்ன பிரேமாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஒருத்தி நிற்க அதில் தாராளமாக இடம் இருக்கிறது.

உன்னையே நினைத்திருக்கும்,
பாட்டி