தேசிங்கு அண்ணனுக்கு வந்த மஞ்சள் நோட்டீஸ்

மஸ்கட், 12.8.1999

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் தேசிங்கு அண்ணனை ஏமாற்றிவிட்டீர்கள். சர்க்கரை குறைந்ததா? எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

தங்கை அனு எழுதியிருந்தாள். கையில் இருந்தால் குடித்துவிடுவோம் என்று பயந்து, நம் சிமெண்ட் கடையில் மூட்டை தூக்கிய கூலியை உங்களிடமே சேர்த்து வைத்தவர் அவர். நீங்கள் திவாலாகி அனுப்பிய மஞ்சள் நோட்டீஸை அவளிடமே நீட்டி, "உன் கல்யாணப் பத்திரிகையாம்மா இது? என்னிக்குன்னு படி" என்றாராம். அவள் அழுதுவிட்டாள்.

பிளாட் போட்டு மனை விற்றவர்கள் பணம் வாங்கி உங்களை ஏமாற்றினார்கள், சரி. இவர் என்ன செய்தார்?

அம்மாவிடம் புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். அறையில் தமிழ் பேச ஆளில்லை, சோறும் இறங்கவில்லை.

நீங்கள் கோர்ட்டில் கொடுத்த, கடன் தந்தவர்கள் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுங்கள். அவர் சேர்த்து வைத்த பணத்தை என் சம்பளத்தில் தருகிறேன். போனில் கேட்டபோது ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். எழுதிக் கேட்கிறேன், எடுப்பீர்களா?

சீனு