உன் பெயர் இல்லாத தீர்வுச் சீட்டு

புதூர்நாடு,
ஆடி 12.

அன்பு மகள் பிரியதர்ஷினிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இரண்டு எருதும் சுகம். குறை இருந்தாலும் ஜெர்மனி வரைக்கும் எழுதுகிற அளவுக்குப் பெரிதில்லை. நீ அந்த ஊர் ரொட்டியைத் தின்றாலும் நேரத்துக்குத் தின்று, ஆஸ்பத்திரியில் மற்றவர் உடம்பைப் பார்க்கிற மாதிரி உன் உடம்பையும் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்கக் காளியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனில் சொன்னால் ஆகாதா என்று நினைப்பாய். போனில் நீ நடுவில் பேசுவாய் கண்ணு. கடிதத்தில் நான் முடிக்கிற வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆகவேண்டும். அதோடு வக்கீலம்மா கொடுத்த காகிதங்களை எப்படியும் கூரியரில் அனுப்பவேண்டும், அவற்றுக்குத் துணையாக இதுவும் வரட்டும்.

போன மாதம் நீ கேட்டது ஒன்றே ஒன்று. கோகுலகிருஷ்ணன் தம்பியோடு கல்யாணத்தைப் பதிய அந்த ஊர் ஆபீசில் முதல் கல்யாணம் தீர்ந்ததற்குக் கோர்ட்டுத் தீர்ப்பு நகல் கேட்கிறார்கள், தை மாதத்துக்குள் வேண்டும் என்றாய். நான் உடனே 'அது பெட்டியில பத்திரமா கீது கண்ணு, நீ கவலப்படாத' என்றேன். எட்டு வருஷமாக ஊரெல்லாம் அதையேதான் சொல்லி வந்தேன். இந்த மலையில் கோர்ட்டுப் பேப்பர் வைத்திருக்கிற ஒரே ஆள் நான்தான் என்று பந்தியில் உட்கார்ந்து பெருமை அடித்திருக்கிறேன். மகள் வாழ்க்கை முறிந்ததில் பெருமை தேடிய ஒரே தகப்பன் என்ற பட்டத்தையும் எனக்கே கொடுக்கலாம், வேறு யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள்.

பெட்டியைத் திறந்தேன். இரண்டு சாமான் இருந்தது. ஒன்று நூல் சுற்றிய பாதித் துரும்பு, இன்னொன்று பத்திரத்தில் எழுதிய சீட்டு, கீழே சிவப்பாக வட்ட முத்திரை. துரும்புக் கதை உனக்குத் தெரியும். நம் புதூர்நாட்டுக்குப் பெரியதனம் பார்க்கிற நாட்டார் பஞ்சாட்சரம் முன்னால் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து ஒரு சாமைத் துரும்பைக் கிள்ளி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டால் கல்யாணம் தீர்ந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு நாட்டார்தான், 'காலம் மாறிப்பூட்ச்சி கண்ணாயிரம், எதுக்கும் ஒரு சீட்டு எழுதி, கீழ கோர்ட்டுல சீலு வாங்கி வெச்சிக்க' என்றார். எட்டாவது பாஸ் ஆனவன் என்ற தைரியத்தில் நானும் பஸ் ஏறித் திருப்பத்தூர் போனேன். கோர்ட்டுக் காம்பவுண்டுக்குள் வேப்பமரத்தடியில் ஒருத்தர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டு இருக்கிறது, சீல் இருக்கிறது, கோர்ட்டுக்குள்ளே இருக்கிறார், அப்புறம் ஜட்ஜ் இல்லாமல் வேறு யாராம்? சீட்டை நீட்டினேன், டப்பென்று குத்தி நம்பர் போட்டுக் கொடுத்தார். ஜட்ஜ் ஐயா என்ன சுறுசுறுப்பு என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர் நோட்டரி என்பதும், அவர் குத்துகிற சீல் இந்தக் கையெழுத்து இந்த ஆளுடையது என்று சொல்லுமே தவிரத் தீர்ப்பு சொல்லாது என்பதும் எனக்கு இந்த ஆடி மாதம்தான் தெரிந்தது. எட்டு வருஷம் தாமதம், நம் ஊர் பஸ்ஸே பரவாயில்லை.

எப்படித் தெரிந்தது என்றால், நகல் வாங்கக் கோர்ட்டுக்குப் போனேன். நகல் கொடுக்கிற இடத்தில் இருந்த குமாஸ்தா கேஸ் நம்பரும் வருஷமும் கேட்டார். நோட்டரி போட்ட நூற்றுப் பதினாலை எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, 'பெரியவரே, இது மாட்டுக் கொட்டாய் செவுரு தகராறு. இதுல நீங்க செவுரா, மாடா?' என்றார். சரி, பெயரை வைத்துத் தேடலாம் என்று நல்ல மனசோடு அவரே தேடினார். இந்தப் பக்கத்தில் பதினேழு பிரியதர்ஷினிகள் விவாகரத்து வாங்கியிருக்கிறார்கள் கண்ணு. ஒருத்தியும் நீ இல்லை, ஒருத்திக்கும் அப்பன் பெயர் கண்ணாயிரம் இல்லை. பரீட்சை ரிசல்ட்டில் நம்பர் வராதவன் மாதிரி நின்றேன், ஒன்பதாவதில் நின்று பழகிய கால்தானே. கடைசியில் சீட்டை வாங்கிப் படித்தார். 'கண்ணாயிரம் வகையறாவும் ஜீவானந்தம் வகையறாவும் இன்று முதல் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று மனமொப்பித் தீர்த்துக்கொண்டோம்', கீழே நான், ஜீவானந்தம், நாட்டார், சாட்சி ஐந்து பேர். திருப்பிப் பார்த்தார், பின்பக்கமும் பார்த்தார். 'இன்னா பெரியவரே, இதுல பொண்ணு பேரே இல்லியே. இதப் படிச்சா நீங்களும் ஜீவானந்தமும் டைவர்ஸ் பண்ணிக்கின மாதிரி இல்ல கீது' என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். எழுதியவன் நான், கண்ணு. உன் கையெழுத்துதான் முத்து முத்தாக இருக்கும், நீயே எழுது என்று நாட்டார் சொன்னார். எட்டுப் பேர் பெயரை முத்து முத்தாக எழுதினேன், உன் பெயரை எழுதவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, சுற்றி உட்கார்ந்த பெரிய மனிதர்களுக்கும் தோன்றவில்லை.

அந்த வரிசையில் சிரிக்காமல் நின்ற ஒரே ஆள் நான் முதலில் சொன்ன வக்கீலம்மா, பெயர் ஆனந்தி. உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தது. துரும்பையும் காட்டினேன், கைக்குட்டையில் வைத்துப் பார்த்தது. 'ஐயா, நீங்க பயப்படாதீங்க. உங்க மலை ஜனத்துக்கு உங்க வழக்கப்படி தீத்துக்கினது செல்லும். ஆனா அப்படி ஒண்ணு நடந்துச்சின்னு கோர்ட்டு ஒருவாட்டி வாயத் திறந்து சொல்லணும், அப்பதான் வெளிநாட்டுக்காரன் நம்புவான்' என்றது. அதற்கு உன் பெயரில் ஒரு வழக்குப் போடவேண்டும், நாட்டார் வந்து சாட்சி சொல்லவேண்டும், எதிர்க்கட்சியாக ஜீவானந்தம் வந்து ஆமாம் என்று ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடியும், அவன் மக்கர் செய்தால் தை மாதம் என்பது எந்த வருஷத்துத் தை என்று சொல்லமுடியாது என்றது. ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்த வீட்டுக்கு, உன்மேல் கேஸ் போடப்போகிறேன், கொஞ்சம் ஒத்துழை என்று கேட்கப் போன முதல் மாமனார் நான்தான்.

அவன் ஊரான நெல்லிவாசல்நாட்டுக்குப் போகிற ஜீப்பில் பின்னால் தொங்கிக்கொண்டு போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். வாசலில் ஜீவானந்தம் பலாக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தான், தொப்பை வைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் 'வாங்க மாமா' என்றான், பழக்கதோஷம். நானும் 'நல்லா கீறியா மாப்ளே' என்றேன், அதுவும் பழக்கதோஷம். இரண்டு பேரும் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றோம். அவன் பெண்டாட்டி சுவேதா நல்ல பிள்ளை, இரண்டு குழந்தைகள், சாமைச் சோறு போட்டு மொச்சைக் குழம்பு ஊற்றியது. விஷயத்தைச் சொன்னேன். முறைப்பான் என்று பார்த்தால் முகம் மலர்ந்துவிட்டது. 'அய்யோ மாமா, நானே உங்க வூட்டாண்ட வர்லாம்னுதான் இருந்தேன், மூஞ்சி இல்லாம உக்காந்துங்கிறேன்' என்கிறான். என்னவென்றால், அவனுடைய ரேஷன் கார்டில் மனைவி என்று இன்றைக்கும் நீதான் இருக்கிறாயாம். உன்னை எடுக்க எழுதிக் கொடுத்தால் கோர்ட்டுக் காகிதம் கேட்கிறார்களாம், சுவேதாவைச் சேர்க்க முடியவில்லையாம். ஆக, எட்டு வருஷமாக நீ நர்ஸ் படிப்பு படித்து, வேலை பார்த்து, ஜெர்மன் பாஷை கற்று, விமானம் ஏறிப் போய், அத்தனைக்கும் நடுவில் மாதாமாதம் நெல்லிவாசலில் உன் பங்கு அரிசியையும் வாங்கியிருக்கிறாய். சுவேதா குழம்புக் கரண்டியோடு வந்து, 'மாமா, கோர்ட்டுக்கு எப்ப வரணும்னு தேதிய மட்டும் சொல்லுங்க, நானே இஸ்துகினு வர்றேன்' என்றது. உனக்காக இந்த உலகத்தில் இவ்வளவு ஆவலாகக் கோர்ட்டுக்கு வர ஆள் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஜீப்புக்குக் காத்திருந்தபோது ஜீவானந்தம் ஒன்று சொன்னான், அதையும் எழுதிவிடுகிறேன். 'அன்னிக்கி நாட்டாரு இன்னா சங்கதின்னு கேட்டாரு மாமா, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்களே ஒத்து வர்லன்னு சொல்லிட்டீங்க. எனக்கு நல்லதாப் பூட்ச்சி. இல்லன்னா என் வண்டவாளம் தண்டவாளம் ஏறியிருக்கும்' என்றான். என்ன வண்டவாளம் என்று நான் கேட்கவில்லை, அதற்குள் ஜீப் வந்துவிட்டது. ஜீப் வராவிட்டாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

போன வெள்ளிக்கிழமை மனு எழுத வக்கீலம்மா வரச்சொன்னது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, டவுன் டாக்டரிடம் காட்டவேண்டும் என்று அவளும் கூட வந்தாள். எல்லாம் மடமடவென்று எழுதியாயிற்று, துரும்பைக்கூட ஒரு கவரில் போட்டு ஆவணப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அப்போது கேட்டது. 'துரும்ப பொண்ணு கையாலயே கிள்ளுச்சுங்களா ஐயா?' இல்லைம்மா, பெண் பக்கத்துக்கு அப்பன்தான் கிள்ளுவது வழக்கம், நான்தான் கிள்ளினேன் என்றேன். 'அப்ப பொண்ணு எங்க இருந்துச்சி?' ஆடு ஓட்டிக்கொண்டு போயிருந்தாள் என்றேன். சொல்லும்போதே எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. 'சரி, எதனால பிரிஞ்சாங்க?' ஒத்து வரவில்லை என்றேன். 'யாருக்கு இன்னா ஒத்து வர்ல?' என்றது. நான் டீயைக் குடித்தேன், கிளாஸ் காலியாகத்தான் இருந்தது, இருந்தாலும் குடித்தேன். உன் அம்மா குப்பம்மாள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வக்கீலம்மாவிடம் சொன்னாள்: 'அவருகிட்ட கேட்டா இன்னாம்மா தெரியும்? பொண்ணு வூட்டுக்கு வந்து அடுப்பாண்ட நாலு நாளு பேசாம குந்திங்கினு இருந்தா. இந்த மனுசன் எட்டிப் பாத்து மழ வர்ற மாதிரி கீதான்னு கேட்டுட்டுப் போய்ட்டாரு.' அப்போ உங்களுக்குத் தெரியுமாம்மா, நீங்க சொல்லுங்க என்றது வக்கீலம்மா. 'தெரியும். ஆனா அத அவதான் சொல்லணும்' என்றுவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்புகிற வழியெல்லாம் யோசித்தேன். நான் யோசித்தால் பஸ் மலை ஏறாது என்று நீ கேலி செய்வாய், அன்றைக்கு உண்மையிலேயே இரண்டு தடவை நின்றது. மாட்டு வைத்தியரிடம் போனால்கூட மாட்டுக்கு என்ன செய்கிறது என்று அரைமணி நேரம் விசாரிக்கிற ஆள் நான். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் கட்டிக்கொடுத்தது என் தப்பு என்று வந்துவிடுமோ என்ற பயம், வேறொன்றும் இல்லை. பத்தொன்பது வயதில் படித்துக்கொண்டிருந்தவளை நல்ல இடம் என்று பிடித்துக் கொடுத்ததும் இதே முத்துக் கையெழுத்துக்காரன்தான்.

ஆகையால் மனுவில் ஐந்தாவது பத்தியை வக்கீலம்மா காலியாக விட்டிருக்கிறது. அது நீ எழுதவேண்டியது. உன் சம்மதத்தோடுதான் தீர்ந்ததா, எதனால், என்ன நடந்தது என்று உன் கையாலேயே எழுதவேண்டும். அப்புறம் வீடியோவில் ஜட்ஜே உன்னைக் கேட்பாராம், அங்கே உனக்குப் பதிலாக நான் வாயைத் திறக்க முடியாதாம். நல்ல ஏற்பாடு. இங்கே உன் சார்பில் வழக்கு நடத்தக் கூடவே அனுப்பியிருக்கிற பவர் பத்திரத்தில் அங்கே இருக்கிற நம் தூதரக ஆபீசில் போய்க் கையெழுத்துப் போடு, கறுப்புக் கோட்டுப் போட்டவர் யாரைப் பார்த்தாலும் நீட்டிவிடாதே, அது நம் குடும்பத்துக்கு ஆகிவரவில்லை. கோகுலகிருஷ்ணன் தம்பி நம் கணியம்பாடிப் பக்கத்துப் பிள்ளை என்றாய், நல்லது. அவரிடம் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிடு, அவர் வீட்டாரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லமாட்டேன், நான் சொன்னால் எப்படிச் சொல்வேன் என்று உனக்கே தெரியும். வேளைக்குச் சாப்பிடு, கழுத்தை மூடிக்கொள். அம்மா பலாக்கொட்டையும் புளியும் கட்டிவைத்திருக்கிறாள், கூரியர்க்காரன் அவ்வளவையும் ஏற்றுவானா தெரியவில்லை. நீயும் அந்தத் தம்பியும் நூறு வருஷம் நன்றாக இருக்க, இனி ஒரு துரும்பும் உன் வாழ்க்கையில் யாரும் கிள்ளாமல் இருக்க, என் ஆசீர்வாதமும் அம்மாவின் ஆசீர்வாதமும்.

மறக்காமல் ஒன்று. நீ எழுதுகிற காகிதத்தை வைக்க வக்கீலம்மா பெயர் எழுதிய கவர் ஒன்று உள்ளே இருக்கிறது. ஒட்டி அனுப்பினால் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், பிரிக்கமாட்டேன், காளியம்மன் சத்தியம். ஒட்டாமல் அனுப்பினால், அப்பா படிக்கட்டும் என்று நீ விட்டதாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படிப்பேன். மழை வருமா என்று கேட்கமாட்டேன்.

உன் பங்குத் துரும்பைக் கிள்ளிய
அப்பா,
கண்ணாயிரம்.