பெயர் போடாத படிவம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவோடு இன்னும் ரிமோட்டுக்குச் சண்டைதானா? நான் நலம்.

ஒரு கூத்து கேளுங்கள். வீடு வீடாகப் போய் அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டு எழுத, ஆபீஸுக்குப் புதுப் படிவம் வந்தது. பழகிப் பார்க்க, பெயர் போடாமல் என் பதில்களையே எழுதினேன். தூக்கம் மூன்று மணி நேரம், சாப்பாடு ஒருவேளை. அது மற்ற படிவங்களோடு கலந்து மேலதிகாரி கைக்குப் போய்விட்டது.

"இவங்களத் தனியா விடக்கூடாது. இன்னைக்கே யாராவது போய்ப் பாருங்க" என்றார்.

நான்தான் என்றதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் மூன்று நாள் லீவு கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். வேலையைப் பற்றிக் கேட்காமல், ரிமோட் சண்டையை முழுசாகச் சொல்லுங்கள்.

தபால்பெட்டியைத் திறக்கிறார்கள், ஓட வேண்டும். 'மனம்விட்டுப் பேச யார் இருக்கிறார்கள்?' என்ற கடைசிக் கேள்வியைக் காலியாக விட்டிருந்தேன். உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா?

உங்கள் வாயாடி மகள்