வரப்பைத் தாண்டிய கரண்டி

ஞாயிறு, வலென்சியா, ஸ்பெயின்

மதியம் நடந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. தூக்கம்தான் வரவில்லை.

மகனும் மருமகளும் எங்களை இந்த ஊர்ச் சோறு சாப்பிடக் கூட்டிப் போனார்கள். பாயெய்யா என்று பெயராம். முயல்கறியும் பீன்ஸும் போட்டு விறகில் வேகவைத்த சோறு. அகலமான சட்டியோடு மேசை நடுவில் வைத்துவிட்டார்கள். தட்டு கிடையாது. ஆளுக்கொரு மரக்கரண்டி. அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் அள்ளித் தின்ன வேண்டும்.

எனக்குக் கை போகவில்லை. ராஜபாளையத்து வீட்டில் மருமகள் மகன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்ததற்கே "எச்சி" என்று கத்தியவள் நான்.

"ஏட்டி, செண்பகத்தோப்புக் காட்டுல முயலைத் தொட்டா ஃபாரஸ்ட்காரன் பிடிப்பான். இங்கன யாரு கேக்கா? தின்னு" என்றார் வீட்டுக்காரர்.

சோற்றில் கரண்டியால் வரப்புப் போட்டேன். "இதைத் தாண்டி வராதீய" என்றேன்.

அடியில் பிடித்த காந்தல் அம்புட்டு ருசி. என் பக்கம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. நான் வாய் வைத்த கரண்டி எப்போது வரப்பைத் தாண்டி அவர் பக்கம் போனது என்று எனக்கே தெரியாது. நிமிர்ந்தால், மருமகள் போனில் படம் எடுக்கிறாள்.

"அத்தை, எச்சி" என்றாள்.

சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற என் அண்ணனுக்கு மட்டும் அனுப்பாதே, ஊருக்கே காட்டிவிடுவார் என்றேன். அனுப்பியிருப்பாளோ என்னவோ.

நாளை போகிற ஊரிலும் ஒரே சட்டிதானா என்று அவளிடம் கேட்க வேண்டும். அப்படியென்றால் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்காருவேன். மனுஷர் காந்தலைக் கடைசிக்கு வைக்கிறார்.