முக்காட்டைக் கழட்டச் சொன்னவன்

மார்ச் 4, செவ்வாய்

கடையின் வலைத்தளத்தில் காலையிலிருந்து குழாய் அளவெல்லாம் கிறுக்கலாகத் தெரிகிறது. அரை அங்குலத்துக்கு ½" என்று போடுவதுதான் எங்கள் தொழில் வழக்கம். திரையில் ½" என்று நிற்கிறது. வாடிக்கையான பிளம்பர் ஒருவர் போன் போட்டு, "என்ன முதலாளி, புது சைஸ் ஏதும் இறக்கியிருக்கீங்களா?" என்கிறார்.

தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை வீட்டிலிருந்தே போனில் கூப்பிட்டேன். அந்தக் குறியை அப்படியே விட்டால் கணினி அதைக் கட்டளையில் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டுவிடுமாம். அதனால் அதற்கு ஒரு முக்காடு போட்டு அனுப்புகிறாள். பக்கம் திறக்கும்போது அது தானாக விலகிவிடும்.

"முக்காடு எங்கேயோ ரெண்டு தடவை விழுது அண்ணே. ஒண்ணு விலகினாலும் இன்னொண்ணு நிக்குது. எந்த இடம்னு தேடணும். வியாழன் வரைக்கும் டைம் குடுங்க."

நாளைக்குத் தள்ளுபடி விற்பனை. "தேடவெல்லாம் வேணாம் தங்கச்சி. மொத்தமா கழட்டிரு."

"கருத்துப் பெட்டிக்கும் அதே முக்காடுதான் ஓடுது. அங்க வெளியாளுங்க எழுதுறாங்க. கழட்டினா வம்பு."

"குழாய் வாங்குறவன் என்னத்த எழுதிரப் போறான்? ஒழுகுதுன்னு எழுதுவான். கழட்டு."

கழற்றிவிட்டாள்.

மார்ச் 5, புதன்

நல்ல விற்பனை. அளவெல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. இதற்குப் போய் வியாழன் வரை கேட்டாள்.

மார்ச் 8, சனி

எவனோ ஒருவன் பித்தளை வால்வுக்குக் கீழே, கருத்து எழுதுவதுபோல நிரல் வரி ஒன்றை எழுதிவைத்துவிட்டான். முக்காடு இல்லை; பக்கம் அதைக் கட்டளை என்றே நம்பி ஓட்டியிருக்கிறது. திறந்தவர்களையெல்லாம் நம் கடையைப் போலவே இருக்கும் திருட்டுப் பக்கத்துக்கு இழுத்துப்போய், கார்டு விவரம் கேட்டிருக்கிறது. பிளம்பர் கொடுத்துவிட்டார். அவருடைய வங்கிக் கணக்கைத் துடைத்துவிட்டார்கள்.

"உங்க கடைன்னு நம்பித்தான் முதலாளி போட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கடையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். "அந்தப் பொண்ணு வேலையை ஒழுங்கா பண்ணல" என்று என் வாயில் வந்தது.

அவள் மேசைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். அந்த வரியை அழித்தாள், முக்காட்டைத் திரும்பப் போட்டாள், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.





மார்ச் 11, செவ்வாய்

சகலை போன் செய்தார். அவருடைய பெயிண்ட் கடைத் தளத்தையும் அவள்தான் பார்த்துவந்தாள். "நீங்க சொன்னது காதுக்கு வந்துச்சு. நிறுத்திட்டேன். நமக்கெதுக்கு வம்பு?"

"நல்லதுதான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

போனை வைத்ததும் வீட்டுக்காரி கேட்டாள்: "கழட்டச் சொன்னது யாரு?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"நீங்க போன்ல பேசினா எதிர்வீட்டுக்காரங்களுக்கே தெரியும். எனக்குத் தெரியாதா?"

மார்ச் 12, புதன்

முடியாது என்று அவள் அடித்துச் சொல்லியிருக்கலாமே - சொன்னாளே. வம்பு என்றாளே. சம்பளம் கொடுக்கிறவன் அதட்டினால் அவள் வேறென்ன செய்வாள்?

மட்டமான சரக்கை நல்ல சரக்கென்று ஒருநாளும் விற்றதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. கடைசியில ஒரு பொண்ணு பொழப்புல கை வெச்சுட்டேனேடா.

மார்ச் 14, வெள்ளி

முதலில் பிளம்பர் வீடு. தப்பு யாருடையது என்று சொல்லி, போன பணத்தைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

பிறகு சகலையின் கடை. "அப்ப அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றார்.

"சுத்தி ஆளுங்க நின்னாங்க."

"வேற ஆளுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேனே" என்றார். அந்த வேலை அவளுக்குப் போனது போனதுதான். நான் போக்கியது.

கடைசியாக அவள் வீடு. வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினாள். தப்பு என்னுடையது, வேலைக்குத் திரும்பி வா என்றேன். "என்கிட்ட தனியா வந்து சொல்றது சுலபம் அண்ணே" என்றாள். திரும்ப வருவதற்கான நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பழக்கதோஷம், பேரம் பேச வாய் எழுந்தது. அடக்கிக்கொண்டேன்.

பேசி முடித்தது: சம்பளம் முன்பு கொடுத்ததைப்போல ஒன்றரை மடங்கு. மூன்று மாதச் சம்பளம் முன்பணம். தளத்தில் எதைப் போடுவது, எதை எடுப்பது என்பதில் கடைசி வார்த்தை அவளுடையது. நாளைக் காலை கடையில், அன்று நின்ற ஆட்கள் வந்ததும், கழற்றச் சொன்னது நான்தான் என்று அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அவள் வேலையைத் தொடுவாள்.