மைக்கின் வாயில் பூசிய சந்தனம்

டீச்சர்,

நேற்று பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சுவரில் உங்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். பசை இன்னும் காயவில்லை. கண்ணாடி போட்ட அதே முகம். கீழே, 'காது கேளாத பிள்ளைகளுக்குக் குரல் கொடுத்த தாய்' என்று போட்டிருந்தார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அந்த வரியை மட்டும் இரண்டு தரம் படித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் போனதை, நான் சொல்லச் சொல்ல யாரையாவது எழுதவைத்துவிடலாம் என்றுதான் தோன்றியது.

நான் உங்கள் பள்ளிக்கூடத்து ஆயா. என் மகள் செல்விக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து காது போனது. அவளுக்கு அங்கே ஓர் இடம் கிடைக்கட்டும் என்றுதான், தினமும் சேக்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்து பெருக்கித் துடைத்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது பிறப்பதற்குக் கொஞ்சம் முந்தின காலம். அவளுக்கு ஏழு வயது.

அந்த வருஷம்தான் மிஷின் வந்தது. யாரோ தருமத்துக்குக் கொடுத்தது. ட்ரங்குப் பெட்டி அளவில் ஒரு பெட்டி, உங்கள் மேஜையில் ஒரு மைக், அங்கிருந்து ஒயர் ஓடி ஒவ்வொரு பிள்ளைக்கும் காதில் மாட்ட இரண்டு குமிழ். நீங்கள் மைக்கில் 'ஆ' என்றீர்கள். செல்வி குமிழைக் கழற்றி, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகும் கழற்றவில்லை.

அந்த மூன்று மாதம் நீங்கள் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தீர்கள், அதை மறைக்க மாட்டேன். ஒரு நாள் வீட்டில் உப்புமாத் தட்டைத் தள்ளிவிட்டு செல்வி "ஏணா" என்றாள். வேணாம் என்கிறாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. அதை இன்னொரு தரம் கேட்பதற்காக என் வீட்டுக்காரர் தட்டைத் திரும்பத் திரும்ப அவள் முன்னால் தள்ளினார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. கரும்பலகை, பெஞ்சு, மணி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, மிஷின் பெட்டிக்கும் ஒன்று வைத்தேன்.

"மைக்குக்கும் வை ஆயா" என்றீர்கள்.

"அது சல்லடையாட்டம் ஓட்ட ஓட்டயா கீது டீச்சர். உள்ள பூடப் போவுது."

"சரஸ்வதிக்கு வைக்கறது உள்ள போனா நல்லதுதான்" என்று சிரித்தீர்கள். சந்தனக் கிண்ணத்தில் மூன்று விரலை விட்டெடுத்து, மைக்கின் வாயில் நீங்களே இழுத்துப் பூசினீர்கள். பிள்ளைகள் எட்டுப் பேரும் பொரிக்குக் கையேந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லீவு முடிந்து மிஷினைப் போட்டபோது, பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் குமிழைக் கழற்றினார்கள். செல்வி மட்டும் தட்டித் தட்டிப் பார்த்தாள். அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷனுக்கு ஆபீசர் வந்து மைக்கைத் திருப்பிப் பார்த்து, "யார் செஞ்ச வேலை இது?" என்றார்.

"எங்க ஆயாதான் சார். படிக்காதவ, பக்தி ஜாஸ்தி" என்றீர்கள்.

நான் காபி டம்ளரோடு வாசலில் நின்றிருந்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் வாயைத் திறந்தால் செல்வியின் இடம் போய்விடும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காபியை வைத்துவிட்டுப் போனேன்.

அந்தப் பழியோடு விட்டிருந்தால்கூட மறந்திருப்பேனோ என்னவோ. ஆவடி மார்க்கெட்டில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவரிடம் கேட்டேன். "இதுக்கா அழுவுற? மூடியக் கயட்டி, பஞ்சுல ஸ்பிரிட்டத் தொட்டுத் தொடச்சா பேசப் போவுது. நானே வரேங்கா" என்றார். மறுநாள் மூச்சிரைக்க வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரிப்பேர் ஆகாதுன்னு எழுதிக் குடுத்தாச்சு ஆயா. இப்ப அது பேச ஆரம்பிச்சா, நான் எழுதினது என்ன ஆகறது?"

பீரோவில் வைத்துப் பூட்டினீர்கள். நாலு வருஷம். நீங்கள் தலைமை டீச்சராகி மாடிக்குப் போன பிறகு, அந்த வகுப்புக்கு வந்த சின்ன டீச்சர் பீரோவைத் திறந்து மைக்கைத் துடைத்தாள். பேசியது. செல்விக்கு அப்போது பதினொன்று. "ஏணா" எப்போதோ நின்றுபோயிருந்தது. குமிழை மாட்டிவிட்டேன். சத்தம் அவளுக்குக் கேட்டது, சொல்லாகக் கேட்கவில்லை. தலை வலிக்கிறதென்று கையால் காட்டிக் கழற்றி வைத்தாள்.

அந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் கையாலேயே ஒரு பேர் வைப்பார்கள், அது உங்களுக்குத் தெரிந்ததுதான். கணக்கு வாத்தியாருக்குத் தொப்பை. எனக்குத் துடைப்பம். உங்களுக்குக் கண்ணாடி என்றுதான் நீங்கள் நினைத்திருந்தீர்கள். ஆபீசர் வந்துபோன அன்றே செல்வி அதை மாற்றிவிட்டாள். மூன்று விரலை வாயின் மேல் இழுத்துப் பூச வேண்டும், அதுதான் நீங்கள். எட்டுப் பேரும் கண்ணால் பார்த்தவர்கள், உடனே பிடித்துக்கொண்டார்கள். பேர் வைத்தது அவள், பரப்பியது நான். அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த ஒன்பது வருஷமும், புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் உங்கள் பக்கம் கையைக் காட்டி அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஓர் ஆண்டு விழாவில் நீங்கள் மேடை ஏறியதும் பிள்ளைகள் அத்தனை பேரும் வாயில் பூசினார்கள். "முத்தம் குடுக்குதுங்க, பாருங்க சார்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னீர்கள். அன்றைக்கு எனக்குச் சோறு ருசித்தது.

இன்று காலை செல்வியைக் கூட்டிக்கொண்டு மாங்காட்டில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அந்தக் காலத்துப் பிள்ளைகள் நரைத்த தலையோடு தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். செத்தது யார் என்று, தங்களோடு வந்தவர்களுக்குக் கையால் காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் மூன்று விரலும் வாயும்தான். உங்கள் மகன் என்னிடம் வந்தார்.

"எல்லாரும் வாயத் தொடறாங்களே, அது என்னம்மா?"

"அது உங்கம்மா பேருப்பா. இதுங்க வச்ச பேரு."

அவர் கண் கலங்கிவிட்டது. உங்கள் தலைமாட்டில் போய் நின்று, உங்களைப் பார்த்தபடி, மூன்று விரலை வாயின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டார். சரியாகத்தான் செய்தார். நான் தடுக்கவில்லை.

போதும் வா என்று செல்வி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். எனக்குப் போதவில்லை டீச்சர்.