நாற்பதைத் தாண்டாத வண்டி

தம்பி,

இன்று காலையில் உப்பளத்துக்குப் போனேன். பாத்தித் தண்ணீர் உப்பாகும் பதத்துக்கு முற்றிவிட்டதா என்று பார்க்க யாரோ ஒரு முட்டையை அதில் விட்டிருந்தார்கள். பாதி வெளியே தெரிய மிதந்துகொண்டிருந்தது. கூடையை இறக்கிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ செத்து நான்கு மாதமாகிறது.

சுனாமி அலை வந்ததற்கு அடுத்த வருஷம் அது. உன் வேனில் நாங்கள் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். நீ மட்டும் வடை மடித்து வந்த பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தாய். மூட்டை தூக்கும் நேரத்தில் உனக்கு எங்கிருந்தாவது ஒரு பேப்பர் கிடைத்துவிடும். நட்சத்திரத்துக்குப் போகிற வேகத்தை மனுஷ உடம்பு தாங்குமா என்று அதில் போட்டிருந்ததாம். உன் வண்டியில் கூனிமேடு போவதற்குள்ளேயே இடுப்பு கழன்றுவிடுகிறது, இதில் நட்சத்திரமா என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நீ விடவில்லை. "வேகம் ஆள ஒண்ணும் பண்ணாதுக்கா. பூமி இப்ப என்னா ஓட்டம் ஓடுது, உன் கையில டீ தளும்புதா? சடார்னு கெளப்புறதும் சடார்னு நிறுத்துறதும்தான் நசுக்கும்" என்றாய். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் எவ்வளவு வேகத்தையும் உடம்பு தாங்குமாம். ஆளைத் தண்ணீருக்குள் வைத்து அனுப்பினால் இன்னும் கொஞ்சம் அவசரமாகவும் கிளப்பலாமாம்.

நான் நம்பவில்லை என்றதும், மகன் வீட்டுப் பேரனுக்கு வைத்திருந்த இரண்டு முட்டையையும் எடுத்துக்கொண்டாய். ஒன்றை வெறும் டப்பாவில் போட்டுத் தரையில் குத்தினாய். கூழாகிவிட்டது. இன்னொரு டப்பாவில் உப்புத் தண்ணீரோடு குடிதண்ணீரைக் கலந்து கலந்து, முட்டை மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நடுவில் நிற்க வைத்தாய். விளிம்புவரை நிரப்பி, மூடி, அதே குத்து. முட்டையில் ஒரு கீறல் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அதற்குப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் டிராக்டரில் சடாரென்று பிரேக் போட்டு, என்னைக் கீழே தள்ளித் தோள் எலும்பை உடைத்தவன் நீ. நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

அந்த மாதமே, எட்டு மாதக் கர்ப்பமாக இருந்த என் மகளுக்கு உதிரப்போக்கு கண்டது. பகல் பதினோரு மணி. வேனில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தோம். தலை என் மடியில். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரம்மதேசத்துப் பக்கம் போகும் ரோடு பிரிகிற இடத்திலேயே அவளுக்கு நினைவு தப்பிவிட்டது.

"யக்கா, ரோடு காலியா இருக்குது. ஒரே சீரா எண்பதுல போறேன். பிரேக்கே போடமாட்டேன். பிள்ளை தண்ணிக்குள்ளதான் இருக்கு, ஒண்ணும் ஆவாது."

எனக்குத் தோள் எலும்பு ஞாபகம் வந்தது. பிள்ளை குலுங்கிச் செத்துப்போகும் என்று தோன்றியது. "நாப்பதத் தாண்டின, கதவத் தொறந்து குதிச்சிடுவேன்" என்றேன். சொன்னால் செய்கிறவள் என்று உனக்குத் தெரியும்.

கூனிமேடு வருவதற்குள் மூன்று பஸ் நம்மைத் தாண்டிப் போனது. நீ கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன், வேண்டாமென்று. சாக்கு நனைந்து என் புடவையும் நனைந்தது. மறுபடி பார்த்தாய். மறுபடியும் ஆட்டினேன். உன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆனாலும் முள் நாற்பதிலேயே நின்றது.

மகளைக் காப்பாற்றிவிட்டார்கள். பிறந்தது ஆண்பிள்ளை, உயிர் இல்லை. அரை மணி முன்னால் வந்திருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். மருமகன் உன் சட்டையைப் பிடித்து, ஏன் இவ்வளவு நேரம் என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய், டயர் பஞ்சர் என்று. அதன்பிறகு நான் வாயைத் திறக்கவே இல்லை.

வெளியே வந்து உன்னைக் கேட்டேன், ஏண்டா அப்படிச் சொன்னாய் என்று. "அவ எங்கிட்ட பேசலன்னா எனக்கு ஒண்ணும் கொறையாதுக்கா. உங்கிட்ட பேசலன்னா அவ யாருகிட்ட போவா?" என்றாய். அதோடு பீடி வாங்கப் போய்விட்டாய்.

அதற்கப்புறம் அவள் உன்னோடு பேசவே இல்லை. ஓட்டை வண்டிக்காரன் என்றுதான் சொல்வாள். கடைசியில் மஞ்சள் காமாலையில் நீ கிடந்தபோது, வந்தாளா வந்தாளா என்று வாசலைப் பார்த்தாய். வரவில்லை. தாய்மாமனைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் வரவில்லை. ஊரே அவளை ஏசியது. நானும் ஏசியவர்களோடு நின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஞ்சர் இல்லை, கதவைத் திறந்து குதிப்பேன் என்றது நான், பிள்ளையைக் கொன்றது என் நாற்பது. அவள் அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். தட்டில் தண்ணீரை ஊற்றிக் கை கழுவினாள். பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மாமா கெடந்தப்ப சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன் இல்ல?"

கேட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று இந்த ஐந்து நாளாக யோசிக்கிறேன் தம்பி. இருந்திருந்தால் நீ ஏதாவது ஒரு பொய் சொல்லிக் கொடுத்திருப்பாய். எனக்கு வரவில்லை.